ஒரு பக்கம் இருபது சென்

பாடாங் செராயில்
செம்பனை ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும்
என் கடைக் கதவு மேலேறும்.
நகல் எடுப்பேன். சாவி வெட்டுவேன்.
பாரம் நிரப்பித் தந்தால் இரண்டு ரிங்கிட்.

உயிர்வேதியியல் மூன்று செமஸ்டர் படித்தவள்.
மிச்சத்தை
ஆள் வராத பகல்களில்
இந்த ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கிறேன்.

புரதம் வருமுன்,
இரட்டை ஏணி வருமுன்
ஒற்றை இழை ஒன்று இருந்திருக்கலாமாம்.
நாலே எழுத்து.
எழுதிய தாளும் அதுவே, எழுதும் கையும் அதுவே.
தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் சாவி.

என் மெஷின் இந்த ஊரையே படியெடுத்திருக்கிறது:
அடகுச் சீட்டு, மரணச் சான்றிதழ்,
கோயில் திருவிழாக் கணக்கு.
தன்னுடைய ஒரு திருகாணியைக்கூட
அதற்குப் படியெடுக்கத் தெரியாது.

அஞ்சடிக்கு வெளியே சாலையில் ஒரு குழி.
நகராண்மைக் கழகம் இரண்டு தரம் மூடியும்
திறந்துகொண்டது.
பகலில் காயும். மூன்றரை மழைக்கு நிறையும்.
காயும்போது உள்ளதெல்லாம் விளிம்புக்கு நெருங்கும்,
நெருங்கியது கோக்கும்.
நனைந்தால் பிரிந்து அலையும்.
பக்கத்து மீ கடையின் சோப்புத் தண்ணீரும்
ஆலை லாரி சிந்திய எண்ணெயும் சேர்ந்து
வட்ட வட்டமாய்ச் சுவர் கட்டுகின்றன அதில்.
வீடு தயார்.
குடியேறுவது யார் என்றுதான் தெரியவில்லை.

இன்று அவள் வந்தாள்.
சிகப்பு ஐசி. பர்சுக்குள்
எட்டாய் மடித்த பிறப்புப் பத்திரம்.
திரிபுரசுந்தரி என்றுதான் பெயர் வைத்தார்களாம்.
ஆஸ்பத்திரி கிராணி ஒரு 'ர'வை விழுங்க
திரிபுசுந்தரி ஆனாள்.
ஆலைச் சம்பளச் சீட்டில் வெறும் திரி.

சோதனைக் குழாயிலும் இதே கதை.
படியெடுக்கப் படியெடுக்க இழை குறுகும்,
குறுகியது வேகமாய்ப் பெருகும்,
செய்த வேலையை மறந்துவிட்டு.

கண்ணாடிமேல் அவள் தாளை நீவி விரித்தேன்.
மடிப்புகள் கறுப்புக் கோடுகளாய் விழுந்தன.
விரிந்து கிடந்தால்தான் படிக்க முடியும்.
மடிந்துகொண்டால்தான் பர்சுக்குள் நடக்க முடியும்.
அந்த ஆதி இழைக்கும் இதுதான் இக்கட்டு:
விரிந்தால் ஏடு, மடிந்தால் கருவி,
ஒரே நேரத்தில் இரண்டும் ஆகாது.
அப்படியானால் முதல் உயிர்
ஒற்றையாய் இருந்திருக்க முடியாது.
ஒன்று மல்லாந்து கிடந்திருக்கும்,
இன்னொன்று அதன்மேல் குனிந்திருக்கும்.
பிறகு மாறிப் படுத்திருக்கும்.

"பதிவிலாகாவில் அசல் கேட்கிறான்க்கா."
எங்கே அசல்?
"எனக்குத் தெரிந்து இதுதான்."
திருப்பிப் பார்த்தேன்.
முத்திரையும் கறுப்பு. அதுவும் நகல்.

இரண்டாம் பக்கத்தில் டோனர் தீர்ந்தது.
பாரத்தை எடுத்தேன்.
அவள் தாளை விரித்துப் பிடித்து
எழுத்து எழுத்தாய்ச் சொன்னாள்,
நான் குனிந்து எழுதினேன்.
எழுதுகிற என் விரலின் ஒவ்வொரு செல்லிலும்
அந்தக் கிழட்டு இழை
மடிந்து உட்கார்ந்து இப்போதும்
புரதம் கோத்துக்கொண்டிருக்கிறது.
அதனிடம் யாரும் அசல் கேட்டதில்லை.

பழக்க தோஷம், 'ர'வைச் சேர்த்துவிட்டேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"வேணாம்க்கா. உள்ளபடி எழுதுங்க.
பையன் சூராட்டில் அம்மா பேர்
திரிபுசுந்தரிதான்."

அடித்துவிட்டு எழுதினேன்.

இரண்டு ரிங்கிட், நாற்பது சென்.
சில்லறையை எண்ணி வைத்தாள்.
மழை பிடித்துக்கொண்டது.
தாளை மறுபடி எட்டாய் மடித்து
பிளாஸ்டிக் பையில் சுற்றி
ரவிக்கைக்குள் செருகி
குழியைத் தாண்டினாள்.
ஒரு கால் உள்ளே விழுந்தது.
எண்ணெய் வட்டங்கள் உடைந்து
சின்னச் சின்னதாய்
நிறைய ஆயின.